அம்மாவின் கட்டிலருகே அமர்ந்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் பிரியமான சபையாருக்கும், பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார்களுக்கும், நம் சபைப் போதகரான ஐயரவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

சென்ற ஆண்டு அறுப்பின் பண்டிகைக்கு முந்திய வாரம் அம்மா பக்கவாதத்தில் விழுந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும் என்று நர்ஸ் சொல்லியிருந்ததால், ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும்போது நான் அம்மாவின் முதுகைத் துடைத்துக்கொண்டிருப்பேன். இரண்டாம் மணிக்குக் கஞ்சியை ஆற்றிக்கொண்டிருப்பேன். ஆராதனைக்குப் போக முடியாததைவிட, போக முடியவில்லையே என்ற ஏக்கமே நாளுக்கு நாள் குறைந்துவந்ததுதான் என்னைப் பயமுறுத்தியது. அம்மாமேல் எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடு முழங்கால்படியிட எனக்கு மனம் வரவில்லை.

உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியைக் காணிக்கைக்கென்று கலயத்தில் எடுத்துவைப்பது அம்மாவின் வழக்கம். நான் ஒருநாளும் போடவில்லை. அரிசி வாங்க வந்த சங்கத்து அக்கா, காலிக் கலயத்தைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல், அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து, “நீ கோயிலுக்குப் போயிட்டு வா பிள்ள, நான் இருக்கேன்” என்றார்கள். அதன்பின் ஞாயிறுதோறும் முறைவைத்து ஒருவர் வந்தீர்கள். உங்களில் யாரும் அதை ஓர் உபகாரமாக எனக்குக் காட்டியதில்லை.

அம்மாவுக்குத் திருவிருந்தின் அப்பமும் ரசமும் கொடுக்க வீட்டுக்கு வந்த ஐயரவர்களிடம், ஆண்டவரின் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்ட சகோதரி மரியாளைப்போல் இல்லாமல், வேலைகளிலேயே கலங்கிப்போன மார்த்தாளாகிவிட்டேன் நான் என்று அழுதேன். அவர்கள் அந்தச் சம்பவம் வரும் லூக்கா 10-ஐ விட்டுவிட்டு யோவான் 11-ஐ வாசித்தார்கள். சகோதரன் லாசரு மரித்தபோது ஆண்டவருக்கு எதிர்கொண்டுபோய், அவரே கிறிஸ்து என்று அறிக்கையிட்டவள் மார்த்தாள். மரியாள் அப்போது வீட்டில் உட்கார்ந்திருந்தாள். அடுத்த அதிகாரத்திலும் மார்த்தாள் பணிவிடைதான் செய்கிறாள். சிறுவயதுமுதல் கேட்ட வேதப்பகுதியை நான் அன்றுதான் கவனித்தேன். அதற்குப் பிறகு, அம்மாவைப் புரட்டிவிடும் அந்த வேளைகளையே என் ஜெபவேளைகளாக வைத்துக்கொண்டேன்.

வாட்டர் பெட்டைத் தோளில் சுமந்துவந்த வாலிபர் சங்கத்துத் தம்பிமாருக்கும், நம் சபையைச் சேராதவராயிருந்தும் ஞாயிறு காலைகளில் இட்லி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்கும் என் மனமார்ந்த நன்றி.

அம்மா இப்போது சாய்ந்து உட்காருகிறார்கள். கலயத்தை அருகே கொண்டுபோனால் இடது கையால் அரிசியை அள்ளிப் போடுகிறார்கள். பாதி பாயில் சிந்துகிறது, நான் பொறுக்கிப் போடுகிறேன்.

நீங்கள் சாப்பாடு கொண்டுவந்த தூக்குச்சட்டிகளில் ஐந்து எங்கள் வீட்டில் இருக்கின்றன. இரண்டில் பெயர் வெட்டியிருக்கவில்லை. உரியவர்கள் சொன்னால் நானே கொண்டுவந்து தருகிறேன்.

கிறிஸ்துவின் அன்பில்,
கோயில் தெருக் கடைசி வீட்டு மகள்