என் கவலைகளில் ஆளுக்கொன்றை வாங்கிக்கொண்டவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

புழுதிவாக்கத்தில் எங்கள் தெருக்காரர்கள், ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன், எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அன்று இரவு ட்யூட்டியில் இருந்த டாக்டரம்மா, 14416 உதவி எண்ணில் என்னோடு பேசிய சகோதரி, மகள் படிக்கும் பள்ளியின் டீச்சர், கீழ்வீட்டுப் பாட்டி என்று உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நேரில் சொல்லலாம் என்று வாயெடுத்தால் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது.

வீட்டுக் கவலைகளை வெளியில் சொன்னால் இதெல்லாம் ஒரு கவலையா என்பார்கள். தண்ணீர் லாரி இன்னும் வரவில்லை. மோட்டார் சத்தம் மாறிக் கேட்கிறது. கரண்ட் கணக்கு இந்த இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டும் போலிருக்கிறது, தாண்டினால் ஸ்லாப் மாறி பில் எகிறிவிடும். வாடகை அக்ரிமெண்ட் முடியப் போகிறது. அவருக்கு ஒரகடத்தில் ஷிஃப்ட் வேலை; ஒரு வாரம் பகல் என்றால் மறுவாரம் இரவு. எனக்குக் கிண்டி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் வேலை. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் சமாளிக்கக்கூடியவைதான். ராத்திரி விளக்கை அணைத்ததும் அத்தனையும் சேர்ந்து தலைமாட்டில் வந்து உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில்தான் போன மார்கழியில் மகனுக்கு வீசிங் ஆரம்பித்தது.

அவருக்கு நைட் ஷிஃப்ட். பையன் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்ததும் எனக்குக் கைகால் ஓடவில்லை. ஸ்டாண்டில் வண்டிக்குள்ளேயே தூங்கிக்கொண்டிருந்த அண்ணன் மீட்டர், ரேட்டு என்று எதுவும் பேசவில்லை. "ஏறும்மா" என்று மட்டும் சொல்லி எழும்பூர் வரை கொண்டுபோய்விட்டார். விடியும் வரை வெளியிலேயே காத்திருந்தும் வெயிட்டிங் சார்ஜ் வாங்கவில்லை. "கொழந்தைக்கு மூச்சு வந்துச்சுல்ல, அது போதும்மா" என்றார். அண்ணா, அந்த வார்த்தையை நான் உயிருள்ளவரை மறக்க மாட்டேன்.

டாக்டரம்மாவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெபுலைசர் வைத்து மகன் சற்றுத் தெளிந்ததும் சீட்டை நீட்டி அனுப்பிவிடாமல், அத்தனை கூட்டத்துக்கு நடுவிலும் பக்கத்தில் உட்கார்ந்து, இன்ஹேலர் பம்பை மாட்டி மருந்தை இழுக்க வைக்கும் குழாயான ஸ்பேசரை என் கையில் கொடுத்தார். பம்பை நன்றாகக் குலுக்க வேண்டும். மாஸ்க் மூக்கையும் வாயையும் இடைவெளி இல்லாமல் மூட வேண்டும். ஒரு தடவை அழுத்திவிட்டு, குழந்தை நிதானமாக ஐந்தாறு மூச்சு இழுக்கும் வரை மாஸ்க்கை எடுக்கவே கூடாது. தினமும் போடும் பம்பு என்றால் முடிந்ததும் வாய் கொப்பளிக்க வைக்க வேண்டும். என்னையே செய்துகாட்டச் சொன்னார். மாஸ்க் ஓரத்தில் காற்று கசிந்தபோது என் விரலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்தார்.

"பம்பு பழகிப்போயிடும்னு சொல்றாங்களே டாக்டர்?" என்று கேட்டேன். "கண்ணாடி போட்டா நல்லா தெரியுது, போடறோம். அதுக்குப் பேரு பழக்கமாம்மா? இதுவும் அப்படித்தான்" என்றார். பிறகு, "விலா எலும்புக்கு நடுவுல குழி விழுதா, பேச முடியாம திணறுறானா, உதடு நீலமாகுதா, அப்ப எதையும் யோசிக்காம கிளம்பி வந்துடுங்க. மத்த இருமலுக்கெல்லாம் ராத்திரி முழுக்க முழிச்சிருக்காதீங்க. நீங்களும் தூங்கணும்" என்றார். எப்போது பயப்பட வேண்டும் என்று ஒருவர் தெளிவாகச் சொல்லிக்கொடுத்த பிறகு, மற்ற நேரங்களில் என்னால் பயப்படாமல் இருக்க முடிந்தது. கவலைப்படாதே என்று சொன்னவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் பாரம் குறைந்தது இப்படி ஒரு கவலையைக் கையில் வாங்கிக்கொண்டவர்களால்தான்.

அதற்குப் பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை. மனசு சரியில்லாதவர்கள் போனில் பேச அரசு நடத்தும் டெலி மானஸ் எண் 14416-ஐப் பற்றி எஸ்டேட்டில் ஒரு அக்கா சொன்னார். 2022-இல் ஆரம்பித்தது, காசில்லை, எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசுவார்கள். நான் கொட்டித் தீர்த்ததையெல்லாம் கேட்டுவிட்டு அந்தச் சகோதரி கேட்ட முதல் கேள்வி, "இன்னைக்குச் சாப்பிட்டீங்களா?" என்பதுதான். என்னை யாரும் அப்படிக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது. கவலைக்கென்று சாயங்காலம் அரைமணி நேரம் ஒதுக்கி, நோட்டில் எழுதிவைக்கச் சொன்னார். வேறு நேரத்தில் மனசு அலைந்தால், 'ஆறரைக்குப் பார்த்துக்கலாம்' என்று அதனிடம் சொல்லிவிட வேண்டுமாம். செய்து பார்த்தேன். காலையில் நெஞ்சை அடைத்த விஷயங்களில் சில, ஆறரைக்கு நோட்டைத் திறப்பதற்குள் தாமாகவே முடிந்துபோயிருக்கும். லாரி வந்திருக்கும்.

ஒருநாள் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அம்மா, என் கவலையும் எழுதலாமா?" என்றாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். பென்சிலால் அவள் எழுதியது இது: 'தம்பிக்கு மூச்சு வாங்குனா நான் எங்க படுக்கிறது?'

அவள் ஃபீஸ் பற்றிய கவலை, அவள் டியூஷன் பற்றிய கவலை எல்லாம் நோட்டில் நான் எழுதிய பக்கத்தில் வரிவரியாக இருந்தன. அவளுடைய கவலை இவ்வளவுதான், இவ்வளவு பெரியது.

கீழ்வீட்டுப் பாட்டியிடம் சொன்னேன். பாட்டி ஒரு வார்த்தை ஆறுதல் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே மகளைக் கூப்பிட்டு, அவள் தலையணையையும் போர்வையையும் எடுத்துவரச் சொல்லித் தன் அலமாரியில் ஒரு தட்டை ஒதுக்கி வைத்துவிட்டார். "நடுராத்திரியா இருந்தாலும் வா, உன் எடம் இதுதான்" என்றார். மகள் நோட்டில் தன் வரியைத் தானே அடித்துவிட்டாள்.

பாட்டி 2019 கோடையைப் பார்த்தவர். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் எல்லாம் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். அவர் வீட்டில் எப்போதும் ஒரு டிரம் தண்ணீர் தொடாமல் இருக்கும். லாரி தாமதமானால் அதில்தான் எங்கள் வீட்டுச் சமையலும் நடக்கிறது.

பள்ளியில் காலைச் சிற்றுண்டி சமைத்துப் பரிமாறும் அக்காக்களே, கிச்சடியும் பொங்கலும் நீங்கள் போடுவதால்தான் காலையில் பையனுக்குப் பம்பு போட எனக்குப் பொறுமையாக நேரம் கிடைக்கிறது. டீச்சர், மகள் வகுப்பில் தூங்கியபோது அதட்டாமல், வீட்டில் என்ன என்று எனக்கு போன் செய்தீர்களே, நன்றி. இந்தப் போகிக்கு டயர் கொளுத்தாமல், பழைய பாயையும் துணியையும் மாநகராட்சி வண்டியில் ஏற்றிவிட்ட தெருப் பையன்களே, அன்று என் மகன் வாசலில் நின்று மேளம் அடித்தான். உங்களால்தான்.

இன்னும் ஒன்று. பிரிக்காத ஸ்பேசர் ஒன்று, மாஸ்க்கோடு எங்கள் வீட்டில் இருக்கிறது. இரவில் யார் வீட்டுக் குழந்தைக்காவது தேவைப்பட்டால், டாக்டர் எழுதிக்கொடுத்த பம்போடு வந்து கதவைத் தட்டுங்கள். எப்படிப் பிடிப்பதென்று நான் காட்டித் தருகிறேன். கூட இன்னொரு குழந்தை இருந்தால் அதையும் எங்களிடம் விட்டுவிட்டுப் போங்கள்.

நன்றியுடன்,
மாடிவீட்டு அம்மா
புழுதிவாக்கம், சென்னை