நைட்ரஜன் கேனும் கரண்டுக் கம்பியும்

பணகுடி,
ஆடி 12

அன்புள்ள நண்பருக்கு,

சௌக்கியமா வே? உம்ம கடிதம் வந்து மூணு வாரமாச்சு. ஆடிக் காற்று முற்றத்து முருங்கையை முறித்து, தொழுவத்து ஓட்டிலும் இரண்டு வரிசையைப் பெயர்த்துவிட்டது. அந்த வேலையிலேயே நாள் போயிற்று. முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

மருமகன் ஜெர்மனியிலிருந்து லீவுக்கு வந்திருந்தான். அங்கே எஸ்ஸன் நகரில் 2014-இல் ஒரு கிலோமீட்டருக்கு மீகடத்திக் கேபிள், அதாவது கரண்டுக்குத் தடையே காட்டாத கேபிள், பதித்தார்களாம். 10 கேவி (கிலோவோல்ட்), 40 மெகாவாட் என்றான். கணக்குப் போட்டுப் பார்த்தேன், 2,300 ஆம்பியர் வருகிறது! நம்ம 11 கேவி பீடர் லைனில் 200 ஆம்பியரைத் தாண்டினாலே ஜம்பர் (இணைப்புக் கம்பி) சூடேறிப் பொறி தட்டும். சித்திரை வெயிலில் கம்பி தொய்ந்து வேப்பங்கொப்பில் உரசும். லைனில் கிடந்து கழித்தவன் இதை எப்படி வே நம்புவேன்?

அந்தக் கேபிளைக் குளிர வைத்தது எது தெரியுமா? நீர் சினை ஊசிக்காக சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனீரே, அந்தக் கேனில் இருந்த அதே திரவ நைட்ரஜன்தான். மைனஸ் 196 டிகிரி. மூடியைத் திறந்தால் வெள்ளைப் புகை தரையோடு ஊரும். அதில் நான் ஒரு செம்பருத்தியை முக்கி எடுத்து அப்பளமாக நொறுக்கினதும், நீர் வைததும் அப்படியே கண்ணில் நிற்கிறது.

1911-இல் ஹாலந்தில் காமர்லிங் ஓனெஸ் என்ற விஞ்ஞானி பாதரசத்தைக் குளிர்வித்தபோது, அதில் கரண்டுக்கு இருந்த தடை அடியோடு காணாமல் போயிற்று. ஆனால் அதற்குத் திரவ ஹீலியம் வேணும், மைனஸ் 269. கட்டுபடியாகிற காரியமா? 1986-இல் சூரிச் பக்கம் பெட்னார்ஸ், முல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பீங்கான் சாதிப் பொருள் ஒன்றில் இதே குணத்தைக் கண்டார்கள். மறு வருஷமே நைட்ரஜன் குளிருக்கு மசிகிற பொருளும் வந்துவிட்டது. பீங்கான் வளையாதே, அதனால் இப்போது உலோக நாடாவில் பூச்சாக ஏற்றுகிறார்கள். நாடா 4 மில்லிமீட்டர் அகலம், கொட்டான் முடைய வகிர்ந்த பனையோலை மாதிரி. அதில் 100 ஆம்பியருக்கு மேல் ஓடும்.

அப்போ நம்ம காற்றாலைக் கரண்டை இதிலேயே மெட்ராஸுக்குக் கொண்டுபோகலாமே என்பீர். நானும் கேட்டேன். அங்கேதான் இடிக்கிறது. வழிநெடுக வெற்றிட உறை வேணும், பம்பும் குளிர்விப்பானும் ராப்பகலாக ஓடணும். குளிர் விட்டால் அந்தக் குணமும் போச்சு. 2021-இல் ஷாங்காயில் போட்டதே 1.2 கிலோமீட்டர்தான். சட்டீஸ்கர் ராய்கரிலிருந்து நம்ம புகளூருக்கு 800 கேவி டிசியில் (நேர் மின்னோட்டத்தில்) 6,000 மெகாவாட் வருகிற லைனும் சாதாரணக் கம்பிதான். தூரத்துக்கு அதுவே போதும் என்பது என் கட்சி.

இது பொருந்துகிற இடம் நம்ம திருநெல்வேலி டவுன். ஆனித் தேருக்குக் கம்பியைக் கழற்றி மாட்டிய பாடு எனக்குத் தெரியும். ரத வீதியைச் சுற்றி ஒரு 110 கேவி சப்ஸ்டேஷனுக்கு இடம் கேட்டுப் பாரும், யார் தருவா? எஸ்ஸனில் 10 கேவியிலேயே அத்தனை பவரும் வந்துவிடுவதால், ஊர் நடுவே அப்படி ஒரு ஸ்டேஷன் வேண்டாம் என்றுதான் இந்தக் கேபிளையே போட்டார்களாம்.

ஒரு சந்தேகம். உம்ம கேனை ஒரு தடவை நிரப்பினால், ஊசி போடாமல் சும்மா வைத்திருந்தாலே எத்தனை நாளில் வற்றும்? மருமகனோடு ஒரு வாக்குவாதம் பாக்கி நிற்கிறது. மறக்காமல் எழுதும்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லும்.

உம்ம,
பழைய லைன்மேன்