எள்ளுத்தாத்தாவின் அம்மாவைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

என் வீட்டுக்காரரின் பூர்வீகம் இங்கிலாந்தின் டோர்செட் மாவட்டத்தில், பிடில் ஆற்றை ஒட்டிய அஃப்படில் கிராமம். அவருடைய எள்ளுத்தாத்தாவின் அப்பா அங்கே பண்ணைக் கூலி. 1815-இல் ஞானஸ்நானம். எழுதப் படிக்கத் தெரியாது. அவரைத் தேடப் போன எனக்கு உதவிய வெள்ளைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிவிட்டேன். உதவியவர்களில் நம்மவர்களும் உண்டு என்பதால் இந்த மடல் தமிழில்.

முதல் நன்றி, மாமனாரின் அக்காவுக்கு. வயது எண்பதைத் தாண்டியும் குடும்ப பைபிளை யார் கையிலும் கொடுக்காமல் வைத்திருந்தவர், என்னை நம்பிக் கொடுத்தார். முன்பக்கத்தில் கல்யாணத் தேதி எழுதியிருந்தது. ஆண்டின் கடைசி இலக்கத்தில் மட்டும் மை தடித்திருந்தது. உற்றுப் பார்த்தால் 8 என்ற எண்ணின் மேல் 7 ஏறி உட்கார்ந்திருக்கிறது.

அந்த 8-தான் சரி. இங்கிலாந்தில் 1837 ஜூலை முதல் பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாம் அரசுப் பதிவில் இருக்கின்றன. அந்தப் பதிவேடுகளின் அட்டவணையை 1998-இலிருந்து தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, ‘ஃப்ரீ பிஎம்டி’ என்ற பெயரில் இலவசமாகத் தருகிறார்கள். அதில் கல்யாணப் பதிவின் குறிப்பெண்ணைப் பிடித்து, சான்றிதழ் வாங்கினேன். கல்யாணம் 1838 நவம்பர். மூத்த பிள்ளையின் ஞானஸ்நானம் 1839 பிப்ரவரி. மாப்பிள்ளை, பெண் இருவர் பெயருக்கும் நேரே பெருக்கல் குறிதான். ஆக, பைபிளில் ஆண்டைத் திருத்தியது பிற்பாடு பள்ளிக்கூடம் போன பிள்ளைகளில் யாரோ. பெற்றவர்களின் மானத்தைக் காப்பாற்றிய புண்ணியவான்! மாமனாரின் அக்காவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

இன்னொரு செய்தியைச் சொல்லத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. பக்கத்து ஊர் டால்படில். கூலியை ஒன்பது ஷில்லிங்கிலிருந்து ஏழாகக் குறைத்தபோது சங்கம் சேர்ந்த ஆறு தொழிலாளிகளை, ரகசியச் சத்தியம் செய்துகொண்டார்கள் என்று 1834-இல் ஏழாண்டு ஆஸ்திரேலியாவுக்கு நாடு கடத்தினார்களே, அந்த ஊர்தான். அந்த ஆறு பேரில் ஒருவர் நமக்குச் சொந்தம் என்பது குடும்பத்தில் வழிவழியாக வந்த பேச்சு. டார்செஸ்டரில் உள்ள டோர்செட் ஹிஸ்டரி சென்டர் ஊழியர்கள், நான் கேட்ட பதிவேடுகளை முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார்கள். எந்த ஏட்டிலும் அந்தச் சொந்தம் இல்லை. அப்போது எள்ளுத்தாத்தாவின் அப்பாவுக்குப் பத்தொன்பது வயது, பக்கத்து ஊர்க்காரர், அவ்வளவுதான். அதனால் அவர் மதிப்பு குறைந்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அதே அரைவயிற்றுக் கூலியில் பிள்ளைகளை வளர்த்தவர்தானே.

எப்படி வளர்த்தார் என்பதற்கு விடை சொன்னவர் குரோய்டனில் இருக்கும் நம் டீச்சரம்மா. 1851 மக்கள்தொகைக் கணக்கில் மனைவியின் தொழில் ‘வெண்ணெய் எடுப்பவர்’ என்று அட்டவணையில் ஏறியிருந்தது. மூல ஏட்டின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த டீச்சரம்மா, “கடைசி எழுத்தை நல்லாப் பாரும்மா, இது வெண்ணெய் இல்ல, பட்டன்” என்றார்.

அங்கிருந்து தேடல் அந்த அம்மாவின் பக்கம் திரும்பிவிட்டது. டோர்செட் பெண்கள் வீட்டிலிருந்தபடியே நூலால் பட்டன் செய்து ஏஜெண்டுகளிடம் கொடுப்பார்கள். அஃப்படிலுக்கு அடுத்த பெரிய ஊரான பியர் ரீஜிஸ் அந்தத் தொழிலுக்குப் பேர்போனது. அந்த வட்டாரத்தில் இன்னும் அதைச் செய்யத் தெரிந்த ஒரு பாட்டி, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கற்றுக்கொடுத்தார். சின்னப் பித்தளை வளையம். அதைச் சுற்றி இடைவெளி தெரியாமல், காஜா எடுப்பதுபோல் நூலைப் போட வேண்டும். பிறகு வெளிவிளிம்பில் மேடாக நிற்கும் தையலை நகத்தால் உள்பக்கம் தள்ள வேண்டும். குறுக்கும் நெடுக்குமாக நூல் இழுத்து ஆரக்கால் அமைத்து, நடுவில் முடிந்து, அங்கிருந்து வட்டம் வட்டமாகப் பின்னிக்கொண்டே வர வேண்டும். ஒன்று முடிப்பதற்குள் எனக்கு விரல்நுனி எரிந்துவிட்டது. அந்த அம்மா இதை விளக்கு வெளிச்சத்தில், மடியில் குழந்தையோடு செய்திருப்பார்.

அதே 1851-இல் லண்டன் மாபெரும் கண்காட்சியில் பட்டன் செய்யும் இயந்திரத்தைக் காட்டினார்கள். சில ஆண்டுகளிலேயே கைத்தொழில் படுத்துவிட்டது. 1861 கணக்கில் அவர் பெயருக்கு எதிரே தொழில் கட்டம் காலி. பிள்ளைகளில் மூவர் ‘பண்ணைக் கூலி’, கடைசிப் பையனுக்கு வயது ஒன்பது.

கல்லறையில் கூடவே நடந்துவந்த தேவாலயப் பொறுப்பாளருக்கும் நன்றி. கூலிக்காரர்களுக்குக் கல் நடும் வசதி ஏது? புதைத்த பதிவு மட்டும் இருக்கிறது. அதை அவரே நகலெடுத்துக் கொடுத்தார்.

திரட்டியதையெல்லாம் ஒரு கோப்பாக்கி மாமனாரின் அக்காவுக்கும் டீச்சரம்மாவுக்கும் அனுப்பியிருக்கிறேன். பட்டன் பாட்டிக்கு நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதாக ஏற்பாடு. கூடவே மசால் வடையும். போன தடவை காரம் பத்தவில்லையாம்.

நன்றியுடன்,
அஃப்படில் மருமகள்