மேசைப் பணியாளர்களுக்கு முறையான உடல்நலப் பரிசோதனை கோரும் மனு

அனுப்புநர்
அலுவலகங்களில் உட்கார்ந்து வேலை பார்க்கும் ஊழியர்கள்
(கையொப்பங்கள் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன)

பெறுநர்
உயர்திரு செயலாளர் அவர்கள்,
தொழிலாளர் நலத் துறை

பொருள்: உட்கார்ந்து வேலை செய்வோருக்கு நோயை முன்கூட்டியே கண்டறியும் பரிசோதனைகளை முறைப்படுத்தி ஆணையிட வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கணக்குப் பிரிவு, தரவுப் பதிவு, வாடிக்கையாளர் அழைப்பு மையம் என்று வெவ்வேறு இடங்களில் வேலை பார்க்கும் நாங்கள் சேர்ந்து இந்த மனுவைத் தருகிறோம். நாள் முழுக்க நாற்காலி, கண்ணுக்கு முன்னால் திரை என்பதுதான் எங்களுக்குள் பொதுவானது. இயந்திரத்தில் கை மாட்டிக்கொள்ளும் ஆபத்தோ, ரசாயனப் புகையோ எங்களுக்குக் கிடையாது. அதனாலேயே எங்களுடையது சொகுசு வேலை என்று பெயர் வாங்கிவிட்டது. வேலைக்குச் சேரும்போது உடல் தகுதிச் சான்று ஒன்று கேட்பார்கள், பிறகு சில நிறுவனங்கள் பரிசோதனை முகாம் நடத்துவதோடு சரி.

சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்களுக்கு 1953-லேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது. லண்டன் மாடிப் பேருந்துகளின் ஓட்டுநர்களையும், அதே பேருந்துகளில் படியேறி இறங்கிக்கொண்டே இருந்த நடத்துநர்களையும் ஜெரி மாரிஸ் என்ற மருத்துவரின் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. இதய நோய் ஓட்டுநர்களுக்கே அதிகமாக இருந்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளைத் திரட்டி 2016-இல் வந்த ஓர் ஆய்வு, நாளெல்லாம் உட்கார்ந்திருப்பதால் வரும் கேட்டை ஈடுகட்டத் தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகநடை போன்ற பயிற்சி வேண்டும் என்று கணித்தது. வேலையும் பயணமும் போக அவ்வளவு நேரம் எங்களில் எத்தனை பேருக்கு மிஞ்சும்?

இதைச் சொன்னவுடன், "சரி, எல்லோருக்கும் முழு உடல் பரிசோதனை செய்துவிடலாம்" என்று ஒரு யோசனை வரும். அதை நாங்கள் கேட்கவில்லை. பொதுவான உடல் பரிசோதனைகள் உயிரிழப்பைக் குறைக்கின்றனவா என்று சுமார் இரண்டரை லட்சம் பேர் பங்கேற்ற சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தது காக்ரேன் என்ற சர்வதேச மருத்துவ ஆய்வு அமைப்பு. பெரிய பலன் எதுவும் தெரியவில்லை என்பதுதான் 2019-இல் அது வெளியிட்ட முடிவு. டெஸ்டுகளின் எண்ணிக்கை கூடுவதால் நன்மை கூடிவிடாது. தேவையில்லாத டெஸ்டில் தேவையில்லாத பயம்தான் கிடைக்கும். அதைத் தீர்த்துக்கொள்ள இன்னும் நாலு டெஸ்ட் எடுக்க வேண்டிவரும்.

எங்களில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். நிறுவனம் ஏற்பாடு செய்த பரிசோதனையின் அறிக்கை பல பக்கங்களுக்கு வந்தது. சிவப்பு எழுத்தில் ஏழெட்டு வரிகள் இருந்தன. அவற்றில் முதலில் கண்ணில் பட்டது வைட்டமின் டி குறைவு என்பதுதான். மாத்திரை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.8 என்று இருந்ததும் அதே சிவப்பில்தான், கடைசிப் பக்கத்தில். 6.5-ஐத் தொட்டாலே அது நீரிழிவு என்று அவருக்கு எடுத்துச் சொல்ல யாரும் இல்லை. அடுத்த ஆண்டு அறிக்கையைக் கையில் எடுத்த மருத்துவர்தான் பழையதையும் புரட்டிப் பார்த்துச் சொன்னார். இதில் ஆய்வுக்கூடத்தைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அறிக்கை கொடுப்பதோடு வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொண்டதுதான் கோளாறு.

ரத்த அழுத்தம் பார்க்கும் லட்சணத்தையும் சொல்லியாக வேண்டும். முகாம் அன்று, ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட வேண்டும் என்ற அவசரத்தில் படியேறி ஓடி வருவார்கள். வரிசையில் நின்றபடி பேச்சு நடக்கும். சட்டைக் கையை மடிக்காமல் அதன் மேலேயே பட்டையைச் சுற்றுவார்கள், கை தொங்கிக்கொண்டிருக்கும். வந்த எண்ணை அடுத்த ஆள் காதில் விழும்படி உரக்கப் படித்து ஒரு நோட்டில் எழுதுவார்கள். முறைப்படி என்றால் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்க வேண்டும். கை இதய மட்டத்தில் ஒரு தாங்கலின் மேல் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் காபி, புகை எதுவும் கூடாது. அளக்கும்போது பேசக் கூடாது. ஒன்றுக்கு இரண்டு முறை அளக்க வேண்டும். இப்படிப் பார்க்காவிட்டால் நல்ல உடம்புக்காரர் நோயாளி ஆகிவிடுவார். நிஜமாகவே 140/90-க்கு மேல் இருப்பவரையும் "ஓடி வந்ததால் இருக்கும்" என்று அனுப்பிவிடுவார்கள். இந்த நோய்க்கு அறிகுறி ஏதும் இல்லாததால், தனக்கு இருக்கிறது என்றே தெரியாமல் பல கோடிப் பேர் இருக்கிறார்கள். அதனால், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒன்றே ஒன்றைச் சரியாகச் செய்யச் சொன்னால், நாங்கள் இதைத்தான் கேட்போம்.

ஆகவே, சில டெஸ்டுகள் போதும். ஆண்டுக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் இடுப்புச் சுற்றளவும். 35 வயதிலிருந்து, முடிவு சரியாக இருந்தால் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சர்க்கரை. எல்லையில் இருப்பவர்களுக்கும் குடும்பத்தில் நீரிழிவு உள்ளவர்களுக்கும் இன்னும் அடிக்கடி. கொழுப்பு, சிறுநீரகம் போன்றவற்றை மருத்துவர் ஆளைப் பார்த்து முடிவு செய்யட்டும். ஆனால் எண் எல்லை தாண்டியிருந்தால் குறிப்பிட்ட நாட்களுக்குள் ஒரு மருத்துவர் அவரை நேரில் பார்த்துப் பேசியாக வேண்டும் என்பதை ஆணையிலேயே எழுத வேண்டும். பரிசோதனைக்கான நேரம் சம்பளத்தோடு கூடிய வேலை நேரமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போ என்றால் குழந்தை வளர்ப்பவர்கள் வரமாட்டார்கள், ஒப்பந்த ஊழியர்கள் நிச்சயம் வரமாட்டார்கள். ஒப்பந்தப் பணியாளர்களை எங்களோடு சேர்த்தே ஆணையில் குறிப்பிட வேண்டுகிறோம்.

முடிவுகள் ஊழியருக்கும் மருத்துவருக்கும் மட்டுமே உரியவை. எத்தனை பேர் வந்தார்கள் என்ற கணக்கு நிர்வாகத்துக்குப் போதும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மன அழுத்தம் என்பது மனிதவளப் பிரிவுக்குப் போனால், அடுத்த பதவி உயர்வில் அது பேசும் என்ற பயம் எங்களுக்கு இருக்கிறது. அந்தப் பயம் இருக்கும்வரை யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

இவற்றோடு கண் பரிசோதனையையும் கேட்கிறோம். அதைத் தனியாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. திரையைப் பார்க்கும்போது நாம் வழக்கத்தைவிட மிகக் குறைவாகவே இமைக்கிறோம். எரிச்சலும் வறட்சியும் அதனால் வருகின்றன. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகத் திரையைப் படிக்க, மோவாயைத் தூக்கிக்கொண்டே மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள். கழுத்துவலி என்று போனால் களிம்பு கிடைக்கிறது. மாற்ற வேண்டியது கண்ணாடி. ஐரோப்பிய நாடுகளில் 1990-இல் வந்த விதி, திரையில் வேலை செய்பவருக்குக் கண் பரிசோதனையையும், தேவைப்பட்டால் அந்த வேலைக்கென்றே தனிக் கண்ணாடியையும் அவருக்குச் செலவில்லாமல் தரச் சொல்கிறது. ஜப்பானில் ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் உடல்நலப் பரிசோதனை செய்விப்பது முதலாளியின் சட்டக் கடமை. இரவுப் பணியில் இருப்பவர்கள் கேட்டால் அவர்களுக்கு, அந்தப் பணியில் போடுவதற்கு முன்பும் பிறகு அவ்வப்போதும் இலவசப் பரிசோதனை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்கிறது. நடைமுறையில் இல்லாத எதையும் நாங்கள் புதிதாகக் கேட்டுவிடவில்லை.

பரிசோதனை செய்துவிட்டோம் என்று சொல்லி நாற்காலியையும் வேலைப்பளுவையும் அப்படியே விட்டுவிடவும் கூடாது. ஒரே அறையில் நான்கு பேருக்கு ஒரே தோள்பட்டை வலி என்றால் கோளாறு மேசையின் உயரத்தில் இருக்கலாம். பெயர் சொல்லாமல் இதை நிர்வாகத்துக்கு எழுத்தில் தெரிவிக்கும் உரிமை மருத்துவருக்கு இருக்க வேண்டும். நிர்வாகமும் எழுத்திலேயே பதில் தர வேண்டும்.

இதையெல்லாம் ஒரே நாளில் எல்லா இடத்திலும் கொண்டுவர முடியாது என்பது தெரியும். துறையின் சொந்த அலுவலகங்களிலேயே முதலில் நடத்திப் பார்க்கலாம். கோப்புகளோடு நாளெல்லாம் உட்கார்ந்திருப்பவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அப்படித் தொடங்கினால், எத்தனை பேர் பரிசோதனைக்கு வந்தார்கள் என்பதைவிட, எல்லை தாண்டியவர்களில் எத்தனை பேர் ஆறு மாதம் கழித்தும் மருத்துவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற கணக்கை எடுக்க வேண்டுகிறோம். விதிகளை வகுக்கும் குழுவில் ஊழியர் தரப்பில் இருவருக்கு இடம் தரவும், இம்மனுவின் மீது எடுக்கப்படும் நடவடிக்கையை எங்களுக்கு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்கவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுவில் கையொப்பமிட்ட ஊழியர்கள்