செயலாளரின் ஆண்டறிக்கை: வழவழப்பான கோட்டை நெளிய வைத்த ஆண்டு

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நமது வெக்டார் ஓவியச் சங்கத்தின் சென்ற ஆண்டுப் பணிகளைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

போன பொதுக்குழுவில் முடிவு செய்தபடி, ஆண்டு முழுவதும் ஒரே விஷயத்தைத்தான் எடுத்துக்கொண்டோம்: கணினியில் போடும் உருவம் கையால் வரைந்தது போலத் தெரிய என்ன செய்ய வேண்டும்? கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால் இதைப் பற்றிச் சச்சரவில்லாமல் முடிந்த கூட்டம் குறைவு.

சிக்கல் கருவியிலேயே இருக்கிறது. வெக்டார் ஓவியத்தில் நாம் இழுக்கும் பெசியர் வளைவுகளை, அதாவது சில புள்ளிகளை வைத்துக் கணக்கால் வரையப்படும் கோடுகளை, 1960-களில் ரெனோ கார் நிறுவனத்தின் பொறியாளர் பியர் பெசியர், காரின் உடற்பகுதியை வடிவமைப்பதற்காகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மேடு பள்ளம் இல்லாமல் போக வேண்டும் என்பதே அந்தக் கணக்கின் நோக்கம். 1987-இல் வந்த இல்லஸ்ட்ரேட்டர், பின்னால் வந்த இங்க்ஸ்கேப் ஆகிய ஓவிய மென்பொருள்களும் அதையே நம்பியிருக்கின்றன. அதை வைத்துக்கொண்டே நாம் நெளிசலைக் கேட்கிறோம்.

முதல் சில கூட்டங்களில் எல்லோரும் நேராக, கோட்டைச் சொரசொரப்பாக்கும் ரஃபன் எஃபெக்டுக்குப் போனார்கள். வட்டம் முள்ளம்பன்றியாகத் திரும்பி வந்தது. பிறகு தாளில் பேனாவால் வட்டங்கள் போட்டு, ஸ்கேன் செய்து, பெரிதாக்கிப் பார்த்தோம். இந்த ஆண்டின் மிகப் பயனுள்ள கூட்டம் அதுதான் என்பது என் கருத்து. கை எல்லா இடத்திலும் ஒரே அளவில் நடுங்குவதில்லை. நீளமான, சோம்பலான அலையாகத்தான் விலகுகிறது. கோடு தொடங்கிய இடமும் முடிந்த இடமும் பொருந்துவதில்லை. ஒன்று தாண்டிப் போகிறது, இல்லையென்றால் கொஞ்சம் முன்னாலேயே நின்றுவிடுகிறது.

அதற்கப்புறம் வேலை முறை மாறியது. வட்டத்தைப் பாத்தாக, அதாவது புள்ளி புள்ளியாகத் திருத்தக்கூடிய கோடாக, மாற்றினால் நான்கு நோடுகள் (அந்தப் புள்ளிகள்) கிடைக்கும். ஒரு நோடில் வெட்டி, முனையைத் தொடக்கத்துக்கு அப்பால் கொஞ்சம் இழுத்துவிடுகிறோம். மற்ற நோடுகளில் வளைவைத் திருத்த உதவும் கைப்பிடிகளைச் சமமில்லாமல் நீட்டிக் குறைக்கிறோம். கோட்டின் தடிமனை இல்லஸ்ட்ரேட்டரில் விட்த் டூலாலும் இங்க்ஸ்கேப்பில் பவர் ஸ்ட்ரோக்காலும் ஏற்றி இறக்குகிறோம். ரஃபன் வேண்டுமென்றால் கடைசியில், மிகச் சிறிய அளவில், டீட்டெயிலை (நெளிவுகளின் நெருக்கத்தை) குறைத்து, முனைகள் கூராகாமல் வளையும்படி ஸ்மூத் என்று வைத்துக்கொண்டால் போதும்.

ஃபில்லை, அதாவது உள்ளே நிரப்பும் நிறத்தை, தனி உருவமாகப் பிரித்து, அவுட்லைனிலிருந்து சற்றே நகர்த்தும் உத்தியையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். ஒரு பக்கம் நிறம் கோட்டைத் தாண்டும், மறுபக்கம் வெள்ளை தெரியும். செலவழிக்கும் நேரத்துக்கு இவ்வளவு பலன் தருவது வேறொன்றுமில்லை.

காப்பி எடுப்பது பற்றி ஒரு எச்சரிக்கையும் தீர்மானமாக ஏற்கப்பட்டது. நெளிந்த ஒரு நட்சத்திரத்தை அப்படியே காப்பி எடுத்து வானம் முழுக்க ஒட்டினால், எல்லாம் ஒரே இடத்தில் நெளிந்து குட்டு வெளிப்பட்டுவிடும். குறைந்தது சிலவற்றையாவது திருப்பி, நோடுகளை நகர்த்தி வைக்க வேண்டும்.

டர்புலன்ஸ், டிஸ்ப்ளேஸ்மென்ட் மேப் என்ற எஸ்விஜி (வெக்டார் படங்களுக்கான கோப்பு வடிவம்) ஃபில்டர்களையும் பார்த்தோம். திரையில் அழகாகவே நெளிகின்றன. ஆனால் அவை பாத்தை மாற்றுவதில்லை, தோற்றத்தை மட்டும்தான் மாற்றுகின்றன. ஸ்டிக்கர் வெட்டும் கருவிக்கு அனுப்பினால் அது பழைய வழவழப்பான கோட்டிலேயே வெட்டும். வெட்டு வேலைக்கு ரஃபன் செய்து பாத்தாக மாற்றுவதே சரி.

டேப்லெட் வைத்திருப்பவர்கள், இதெல்லாம் எதற்கு, பென்சில் டூலை எடுத்து நேராக வரையலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஸ்மூத்திங் அளவை ஏற்றி வைத்துவிட்டு வரைந்தால், கை போட்ட நெளிசலை மென்பொருளே நீவிவிடுகிறது. அந்த விவாதம் இன்னும் முடியவில்லை.

வரும் ஆண்டுக்குக் கையெழுத்து போன்ற எழுத்துருவங்களை எடுத்துக்கொள்ளலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. ஒப்புதல் கோருகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்