கோல் கணக்கு மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

2025 ஜூனியர் உலகக் கோப்பை ஹாக்கி ஆட்டங்கள் சென்னையோடு மதுரையிலும் நடந்தன. ஆனாலும் இங்கே அணித் தேர்வு என்றால் கோல் கணக்குதான். பந்து மட்டையில் இருக்கும்போது வீரர் எடுக்கும் முடிவையும் அளக்க முடியும்.

கோலுக்குப் பின்னால் உயரத்தில் ஒரு செல்போனை நிறுத்திப் படமெடுங்கள். மைதானம் 91.4 மீட்டர் நீளம், எதிர்முனை பொடியாகத் தெரியும். இரு முனையிலும் வைப்பது மேல். பந்து வீரரின் மட்டைக்கு வந்த நொடியில் படத்தை நிறுத்தி, யார் காலியாக நிற்கிறார், எதிராளி எவ்வளவு நெருக்கத்தில் என்று குறியுங்கள். மதிப்பெண் போட்ட பிறகே ஓடவிட வேண்டும். இல்லையென்றால் கோல் விழுந்ததெல்லாம் நல்ல முடிவாகிவிடும்!

முடிவுக்கு ஒரு மதிப்பெண், செயலுக்கு இன்னொன்று. 23 மீட்டர் கோட்டருகே காலியாக நின்றவருக்குத் தள்ளிய பந்து துள்ளி மட்டையைத் தாண்டினால் முடிவு சரி, செயல்தான் பிசகு. நம் மண் தரைகளில் இது சகஜம்.

டிஃபெண்டரையும் ஃபார்வர்டையும் ஒரே தராசில் நிறுக்காதீர்கள். சொந்தக் கோலின் முன்னுள்ள வட்டத்தருகே டிரிபிள் செய்வது (பந்தை மட்டையால் உருட்டியபடியே எதிராளியைத் தாண்டுவது) ஆபத்து. எதிரணி வட்டத்துக்குள் அதுவே பெனால்டி கார்னர் என்ற கோல் வாய்ப்பை வாங்கித் தரும். நான்கைந்து ஆட்டமாவது பார்த்த பிறகே ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

– ஹாக்கி ஆர்வலர்கள், மதுரை