சொல்லித் தேர்வெழுதக் கற்றுக்கொடுத்த அக்காவுக்கும் மற்ற வழிகாட்டிகளுக்கும்

அன்புள்ள மூத்த மாணவ வழிகாட்டிகளுக்கு,

வணக்கம். பார்வையை இழந்த நான் விடைகளைச் சொல்லச் சொல்ல, மாணவிகள் எனக்காக எழுதிய முதல் பருவத் தேர்வுகள் நேற்றுடன் முடிந்தன. அதற்கு முன் நேர்ந்தவை உங்கள் அனைவருக்கும் தெரியும் என்பதால் அவற்றை இங்கே மீண்டும் எழுதவில்லை. படிப்பையே விட்டுவிடலாம் என்றிருந்த நான் எல்லாத் தாள்களையும் எழுதி முடித்துவிட்டேன் என்பதையும், அதற்கு நீங்களே காரணம் என்பதையும் பலரும் அறியச் சொல்வதற்காகவே இம்மடல்.

உங்களுள் ஒருவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது. தம் பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவரை அக்கா என்றே எழுதுகிறேன். பார்வையை இழந்த பிறகு நான் எழுதும் முதல் தேர்வு இது என்று அறிந்ததும், தமக்கும் தேர்வு நெருங்கியிருந்த நிலையில், பார்வையற்றவரான அக்கா ஒரு மாலைப்பொழுது முழுவதும் என்னுடன் அமர்ந்து, நான் சொல்லச் சொல்ல விடைகளை, திரையிலுள்ள எழுத்துகளை ஒலியாகப் படித்துக்காட்டும் மென்பொருளான திரைவாசிப்பானின் துணையோடு தம் மடிக்கணினியில் தட்டச்சு செய்தார். தெளிவில்லாமல் நான் சொன்ன ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, “எழுதுபவருக்கு உன் பாடம் தெரியாதும்மா, நீ சொல்வதைத்தான் அவர் எழுதுவார்” என்று பொறுமையாக நினைவூட்டினார். கலைச்சொற்களை எழுத்தெழுத்தாகச் சொல்லவும், பத்தி எங்கே தொடங்குகிறது என்று குறிப்பிடவும், படத்தைத் தாளின் எந்த மூலையிலிருந்து வரைய வேண்டும் என்று விளக்கவும் அன்றுதான் பழகினேன். எழுதிய வரியைத் திரும்பிப் பார்க்க இயலாது என்பதால், வாய் திறக்கும் முன்பே விடையின் குறிப்புகளை விரல்விட்டு வரிசைப்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதும் அவர் சொல்லித்தந்ததுதான்.

கூடுதல் நேரம் கேட்கவே கூசிக்கொண்டிருந்தேன். வினாத்தாளை வாசிக்கக் கேட்பதற்கும், எழுதியதைத் திரும்பப் படிக்கச் சொல்வதற்கும் செலவாகும் நேரத்தையே அது ஈடுசெய்கிறது என்று அக்கா விளக்கினார். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்காக ஐக்கிய நாடுகள் அவை 2006ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட உடன்படிக்கையின் 24ஆம் பிரிவு, உயர்கல்வியிலும் இத்தகைய தகுந்த ஏற்பாடுகள் செய்யப்பட வேண்டும் என்கிறது என்பதையும் அவரிடமிருந்தே அறிந்தேன். அலுவலகத்தில் விதிகளைச் சொல்ல ஆளிருக்கிறார்கள். ஆனால் அந்த விதியைத் தேர்வறையில் எப்படிப் பயன்படுத்துவது என்பதை, அங்கே உட்கார்ந்து எழுதிய ஒருவரால்தான் எனக்குச் சொல்ல முடிந்தது.

படங்களாக மட்டுமே இருந்த பாடக்குறிப்புகளைத் திரைவாசிப்பான் படிக்கும் எழுத்துகளாக மாற்றித் தந்தவர்களுக்கும், துறைத்தலைவருக்கான விண்ணப்பத்தைத் திருத்திக்கொடுத்த சக்கர நாற்காலித் தோழருக்கும், அழைத்த வேளையெல்லாம் தொலைபேசியை எடுத்தவர்களுக்கும், எனக்காகத் தாள்களை எழுதிய மாணவிகளுக்கும் என் மனமார்ந்த நன்றி.

வரும் கல்வியாண்டில் வழிகாட்டிகளின் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளும்படி ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டிருக்கிறேன். பார்வையை அண்மையில் இழந்து முதலாண்டில் சேரும் எவரையும் என்னிடம் அனுப்புங்கள். தேர்வு வரும்வரை காத்திராமல், சேர்ந்த முதல் மாதத்திலேயே அவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் சொல்லும் விடைகளை நான் தட்டச்சு செய்வேன்.

நன்றியுடன்,
முதலாண்டு மாணவி ஒருத்தி